கழற்றி வைத்த காவல்

அமெரிக்காவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் கார் நிற்கிறதோ இல்லையோ, தச்சு வேலையில் ஆசையுள்ளவர் வீடாக இருந்தால் அங்கே ஒரு மேசை ரம்பம் நிற்கும். வார்ப்பிரும்பிலோ அலுமினியத்திலோ ஆன மேசை, நடுவில் நீளமாக ஒரு வாய், அந்த வாய் வழியே மேலே எட்டிப் பார்த்துச் சுழலும் பத்து அங்குல வட்டத் தகடு, கீழே மோட்டார். டேபிள் சா என்று நம் ஊர்த் தச்சர்களும் சொல்கிறார்கள். கை ரம்பத்தில் மரம் அசையாமல் கிடக்கும், ரம்பம்தான் போய்வரும். இங்கே ரம்பம் நின்ற இடத்திலேயே சுழல, ஆள் மரத்தைப் பிடித்து அதை நோக்கித் தள்ளுகிறார். தன் இரண்டு கைகளையும் தானே ரம்பத்தின் பக்கம் கொண்டுபோவதுதான் இந்த இயந்திரத்தில் வேலை. பலகை நீளமாக இருக்கும்வரை கைக்கும் பல்லுக்கும் நடுவே இடம் இருக்கிறது. கடைசி அரை அடியில் அந்த இடம் விரலளவாகக் குறைந்துவிடும்.

ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள், 1990 முதல் 2007 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பதிவான மேசை ரம்பக் காயங்களைக் கணக்கிட்டு 2011இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 31,500 காயங்கள். அடிபட்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் ஆண்கள். காயங்களில் 86 விழுக்காடு விரல்களில். பத்தில் ஒன்று துண்டிப்பு. பிறகு அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குப் போட்டது. தகட்டில் கை பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் மட்டும் 30,800 பேர். எண்ணிய முறை இரண்டிலும் ஒன்றல்ல. இருந்தாலும் கால் நூற்றாண்டாக ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றுவிட்ட தொகை இது என்று சொல்வதில் தவறில்லை. இடைப்பட்ட காலத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் பெருகின, கையேடுகள் தடித்தன, பாதுகாப்பு வகுப்புகள் நடந்தன. எண் அசையவில்லை.

இப்படி அசையாமல் நிற்கும் ஓர் எண்ணுக்குக் 'கவனக்குறைவு' என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வதுதான் வழக்கம். சூட்டுவதற்கு மிகவும் வசதியான பெயர். விசாரணை அங்கேயே முடிந்துவிடும், செய்தவர், விற்றவர், விதி எழுதியவர் எவருக்கும் மேற்கொண்டு வேலை இராது. ஆனால் முப்பதாயிரம் பேர் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி கவனம் தவறுகிறார்கள் என்றால், அந்தத் தவறுக்கு இடம் வைத்திருப்பது இயந்திரம்தான் என்றாகிறது. மேசை ரம்பத்துக்குக் காவல் சாதனம் இல்லாமல் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அது கழற்றப்பட்டு அலமாரித் தட்டில் தூசி படிந்து கிடக்கிறது. ஒரு காவல் எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அதைக் கழற்றுவதற்கு வேலை செய்பவனுக்கு எத்தனை காரணம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த இயந்திரத்தின் கதை முழுவதும் இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தவறிய கதை.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடுவோம். பத்து அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல்நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிர்பாராத ஒன்றைக் கண்டோ உணர்ந்தோ மனிதன் கையை இழுக்க, நல்ல சுதாரிப்பு உள்ளவனுக்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்துக்குள் தகடு பதின்மூன்று முறை சுற்றி முடிக்கிறது. நாற்பது பல் தகடு என்றால் ஐந்நூறுக்கு மேற்பட்ட பற்கள் அந்த இடத்தைக் கடந்துவிட்டன. 'பட்டதும் கையை எடுத்துவிடுவேன்' என்று யாராவது சொன்னால் அவருடைய தைரியத்தைப் பாராட்டலாம், கணக்கு அவர் பக்கம் இல்லை. கவனம் என்பது கை படுவதற்கு முன்பு மட்டுமே பயன்படும் பொருள். பட்டபிறகு அதற்கு மதிப்பே கிடையாது.

படுவதற்கு முன்பாவது முழுதும் பயன்படுகிறதா என்றால், அதிலும் ஒரு சிக்கல். கொலம்பஸ் ஆய்வில், எப்படி நடந்தது என்று பதிவு இருந்த காயங்களில் நூற்றுக்கு 72 பின்னுதையால் நேர்ந்தவை. கிக்பேக் என்று தச்சர்கள் சொல்வது இதைத்தான். தகட்டின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்தி அறுக்கும், அதனால் ஆபத்தில்லை. பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. அறுபட்ட மரம் எக்காரணத்தாலாவது அந்தப் பின்பற்களில் மாட்டினால் அவை அதைத் தூக்கி, தகட்டின் தலைக்கு மேலாக, ஆளை நோக்கி எறிந்துவிடும். மாட்டுவதற்குக் காரணங்கள் பல. மரம் வளர்ந்தபோதும் காய்ந்தபோதும் அதனுள் இறுகிப்போன விசைகள் உண்டு. நடுவே அறுத்துப் பிரித்ததும் அவை விடுபட்டு, இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று நோக்கி வளைந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். அல்லது பக்கத்தில் வழிகாட்டியாக நிற்கும் சட்டத்தை விட்டு பலகை அரை அங்குலம் விலகி, பின் மூலை பற்களில் சிக்கும். வயிற்றில் கட்டை பாய்வது ஒரு ஆபத்து. அதைவிடக் கொடியது, அது வரை பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, பலகை திடீரென்று மறைந்ததும் அழுத்திய திசையிலேயே போய் விழுவது. விழும் இடத்தில் தகடு சுழல்கிறது. பலகைக்குள் ஒளிந்திருக்கும் விசையை எந்தக் கவனத்தாலும் பார்க்க முடியாது. முப்பது வருடம் கைப்பழக்கம் உள்ள ஆசாரிக்கும் அது தெரியாமல்தான் வரும்.

இனி கழற்றப்பட்ட காவலுக்கு வருவோம். அமெரிக்கச் சந்தையில் பல பத்தாண்டுகள் விற்ற ரம்பங்களில் காவல் என்பது மூன்று உறுப்புகளை ஒன்றாகப் பிணைத்த ஓர் அமைப்பு. தகட்டுக்கு மேலே மூடி, பின்னால் மரத்தின் இரு பாதிகளைப் பிரித்து நிறுத்தும் ஒரு தகடு, மரம் திரும்பி வராமல் தடுக்கும் கொக்கிப் பற்கள். மூன்றும் சேர்ந்து வரும், சேர்ந்து போகும். இப்போது ஒருவர் அலமாரித் தட்டு நுழைய ஒரு காடி எடுக்க வேண்டும். காடி என்பது மரத்தைத் துண்டாக்காமல் பாதி ஆழம் மட்டும் அறுப்பது. மேல்பகுதி முழுசாகவே இருப்பதால் மூடி வழிவிடாது, பின்னால் தகட்டை விட உயரமாக நிற்கும் பிரிதகடும் வழிவிடாது. மொத்தத்தையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றியாக வேண்டும். மெல்லிய பட்டி அறுக்கும்போதும் இதே கதை, மூடிக்கும் வழிகாட்டிச் சட்டத்துக்கும் நடுவே தள்ளுகோல் நுழைய இடம் இராது. பத்து நிமிடம் செலவழித்துக் கழற்றியவர், காடி எடுத்து முடித்ததும் இன்னொரு பத்து நிமிடம் செலவழித்துத் திரும்ப மாட்டுவாரா? முதல் வாரம் மாட்டுவார். ஆணையம் 2007, 2008 ஆண்டுகளில் காயப்பட்டவர்களிடம் விசாரித்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் காவல் மூடி இல்லாமல் வேலை செய்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்திலிருந்து அதைக் கழற்றி வைத்தவர்கள்.

இந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, காவலைக் கழற்றியது அவர்கள் தவறுதானே' என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் வாதிடப்பட்டதுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கணக்கில் மீதி மூன்றில் ஒரு பங்கை மறந்துவிடக் கூடாது. அவர்கள் மூடியோடு அறுத்துக் காயப்பட்டவர்கள். தவிரவும், வாங்கியவர்களில் இத்தனை பேர் ஒரு உறுப்பைக் கழற்றி வீசுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அதே உறுப்பை வருடம் தவறாமல் செய்து பெட்டியில் வைத்து அனுப்புவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது வழக்கறிஞருக்காகச் செய்த உறுப்பு. கழற்றாமல் காடி எடுக்க முடியாது என்பதை வடிவமைத்தவர் அறிவார், கையேடு எழுதியவர் அறிவார். 'எப்போதும் மாட்டியிருக்கவும்' என்ற வரி மட்டும் அறியாததுபோல் அச்சாகிக்கொண்டிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், ஐரோப்பாவில், இதே சிக்கலுக்கு எளிமையான ஒரு தீர்வு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தது. ரைவிங் நைஃப் என்கிறார்கள். கத்தி என்றுதான் பெயர், கூர் கிடையாது. ரம்பத் தகட்டின் முதுகைத் தழுவினாற்போல் பிறை வடிவில் வளைந்த ஓர் எஃகுத் துண்டு, அவ்வளவுதான். பிளவுத்தகடு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ரம்பத்தின் உடம்பைவிடச் சற்றே தடிப்பு, அது போடும் அறுவாயைவிடச் சற்றே மெலிவு. பற்களுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தள்ளி நின்று, அறுபட்ட வாய் மூடாமல் பார்த்துக்கொள்கிறது, மரம் பின்பற்கள் பக்கம் சாயவும் விடாது. பின்னுதையின் வேரையே இது பிடிக்கிறது. இதன் உண்மையான சூட்சுமம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ரம்பத் தகடு பொருத்தியிருக்கும் அச்சோடு சேர்த்தே இதையும் பொருத்தியிருப்பதால், தகட்டை ஏற்றினால் இதுவும் ஏறும், சாய்த்தால் இதுவும் சாயும். உச்சி எப்போதும் ரம்பத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும். ஆகவே காடி எடுக்கும்போதும் அது யார் வழியையும் மறிப்பதில்லை. கழற்றுவதற்குக் காரணமே இல்லாததால் கழற்றாமல் இருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் ரம்பங்களில் இது இருந்தாக வேண்டும் என்று தொழில்துறைத் தரநிலை மாறியது 2000களின் பிற்பகுதியில்தான். ஒரு பிறைத் துண்டு எஃகு அட்லாண்டிக்கைக் கடக்க ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதற்கு யாரும் நல்ல பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான ஒரு சான்றை நானே எடுத்து வைக்க வேண்டும். பிளவுத்தகடும், கருவி இல்லாமலே எளிதாக மாட்டிக் கழற்றக்கூடிய புதிய மூடியும் தரநிலையில் வந்த பிறகு காயங்கள் குறைந்தனவா என்று ஆணையம் 2015 வரையிலான போக்கை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காண முடியவில்லை. அப்படியானால் வடிவமைப்பு மாறினால் காயம் குறையும் என்பதெல்லாம் வெறும் பேச்சா? இரண்டு விஷயங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, மேசை ரம்பம் கைபேசிபோல் இரண்டு வருடத்தில் மாற்றும் பொருளன்று. அப்பா வாங்கியதில் மகன் அறுத்துக்கொண்டிருப்பான். புதிய தரநிலையில் செய்தவை பழையவற்றின் நடுவே கலந்து, எண்ணிக்கையில் தெரிவதற்கு ஐந்து ஆண்டு போதாது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதிய மூடியை மாட்டுவது எளிதானது, உண்மை. கழற்றுவதும் எளிதானது. காடி எடுக்கக் கழற்றியே ஆக வேண்டும் என்ற பழைய காரணம் அப்படியே இருக்கிறது. கழற்றத் தேவையில்லாத பிளவுத்தகடு பின்னுதையைக் குறைத்திருக்கலாம். ஆனால் நேரே தகட்டில் போய்ப் படும் கைக்கு மூடி ஒன்றுதான் தடை, அது இன்னும் தட்டில்தான் கிடக்கிறது. வசதியாகக் கழற்றக்கூடிய காவல் என்பது பாதி வழி மட்டுமே வந்த யோசனை.

மீதி வழியைப் போனவர் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் காஸ். இயற்பியலில் முனைவர் பட்டம், தொழிலில் காப்புரிமை வழக்கறிஞர், ஓய்வு நேரத்தில் தச்சர். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. 1999இல் அவருக்கு உதித்த எண்ணம் இது: மனித உடம்பு மின்னூட்டத்தை உறிஞ்சும், காய்ந்த மரம் அவ்வளவாக உறிஞ்சாது. ரம்பத் தகட்டில் எப்போதும் ஒரு சிறு மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருந்தால், தோல் பட்ட கணம் அது சரியும். சரிவை மின்சுற்று உணர்ந்ததும் ஒரு மெல்லிய கம்பியை உருக்கும். அந்தக் கம்பி அதுவரை இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டையைச் சுழலும் பற்களுக்குள் செருகும். பற்கள் அலுமினியத்தைக் கடித்து அதிலேயே புதைந்து நிற்க, சுழற்சியின் வேகமே தகட்டை மேசைக்குக் கீழே இழுத்துச் சென்றுவிடும். மொத்தம் ஐந்து மில்லிசெகண்டுக்குள். பதின்மூன்று சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் கால் அல்லது மூன்றில் ஒரு சுற்றோடு கதை முடிகிறது. 2000 ஆகஸ்டில் அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில் ஒரு சாசேஜை விரலாக்கிக் காட்டினார்கள். பிற்பாடு காஸ் தன் விரலையே வைத்துப் பார்த்தார். சிறு கீறல்.

பெரிய நிறுவனங்களோடு உரிமப் பேச்சு நடந்தது, கைகூடவில்லை. காஸும் கூட்டாளிகளும் சாஸ்டாப் என்ற பெயரில் தாங்களே ரம்பம் செய்து 2004இல் விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம், 2003இல், இத்தகைய தொழில்நுட்பத்தை எல்லா மேசை ரம்பங்களிலும் கட்டாயமாக்கக் கோரி ஆணையத்திடம் மனு கொடுத்தார்கள். 2011இல் முதல் அறிவிப்பு. 2017இல் விதியின் வரைவு: நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நெருங்கும் விரல் மாதிரியில் வெட்டு 3.5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. 2023இல் திருத்திய வரைவு. மனு போட்டபோது பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போய்விட்டது. இடையில் 2010இல் பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி ஒன்று, கை சிதைந்த தரை பதிக்கும் தொழிலாளி ஒருவருக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. கிடைக்கக்கூடிய பாதுகாப்புத் தொழில்நுட்பத்தைச் சேர்க்காத வடிவமைப்பே குறைபாடுடையது என்பதுதான் வழக்கு. மறு வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எதிர்வாதங்களில் வலுவானது காப்புரிமை பற்றியது. தன்னிடம் மட்டுமே உள்ள சரக்கை எல்லாரும் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் போடச் சொல்வது யாராக இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். காஸ் தரப்பு அதை வெறும் சந்தேகமாக விடவும் இல்லை. போஷ் நிறுவனம் ரியாக்ஸ் என்றொரு ரம்பம் கொண்டுவந்தது. கார் காற்றுப்பைபோல் வாயு வெடித்து, தகட்டைச் சிதைக்காமலே மேசைக்குக் கீழே தள்ளிவிடும் நேர்த்தியான அமைப்பு. சாஸ்டாப் வழக்குப் போட்டு 2017இல் அது அமெரிக்காவுக்குள் வருவதையே நிறுத்திவிட்டது. விரல்களைக் காக்க வேண்டும் என்று மனு கொடுத்த கையே விரல் காக்கும் இன்னொரு இயந்திரத்தை வாசலில் தடுத்த இந்தக் காட்சியை எப்படி விளக்கினாலும் கசப்பு போகாது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம், விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான ஒரு காப்புரிமையைப் பொதுவுக்குத் தந்துவிடுவதாக அறிவித்தது. இருபது வருடம் முன்பே சொல்லியிருந்தால் இந்த வாதத்தின் பாதி பலம் போயிருக்கும். எனினும், கண்டுபிடித்தவரின் பேராசை கண்டுபிடிப்பின் குறையாகாது. அது உரிமத் தொகையைப் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

விலை அடுத்தது. சாதாரணச் சிறு ரம்பம் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது, தானே நிற்கும் ரம்பம் ஏறத்தாழ 900 டாலரில் தொடங்குகிறது. ஒருமுறை வேலை செய்தால் அந்த அலுமினியக் கட்டை அடங்கிய பெட்டியும் ரம்பத் தகடும் சேர்ந்து போய்விடும், இன்னும் நூறு இருநூறு டாலர். ஈர மரமோ ஆணியோ பட்டுச் சும்மாவே வேலை செய்துவிடுவதும் உண்டு. ஈர மரத்துக்கு அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. ஆக இங்கேயும் 'கழற்றக் காரணம்' கொஞ்சம் நுழைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் காய்ந்த பலகை அறுக்கும் வீட்டுப் பட்டறையில் அது அரிது. செலவுக் கணக்கின் மறுபக்கத்தில், 2015 ஒரே ஆண்டின் காயங்களுக்குச் சமூகம் கொடுத்த விலையை ஆணையம் 406 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. மருத்துவம், இழந்த வேலை நாட்கள், வலி எல்லாம் சேர்த்து. 'என் விரல், என் இஷ்டம், அரசுக்கு என்ன?' என்று கேட்பவருக்கும் பதில் இதில் பாதி இருக்கிறது. விரல் அவருடையது, அதற்கான செலவு காப்பீட்டுத் தொகை வழியே எல்லாருடையது. அவர் சம்பளத்தில் சாப்பிடும் வீட்டாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவரே சொல்லட்டும்.

பாதுகாப்பு கூடினால் ஆட்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்பது தொழில்துறையின் இன்னொரு வாதம். கொஞ்சம் உண்மை இருக்கலாம், மனித சுபாவம் அப்படித்தான். ஆனால் அலட்சியத்தால் இரண்டு மடங்கு பேர் தகட்டைத் தொட்டாலும், தொட்ட ஒவ்வொருவரும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் நஷ்டம் எங்கே? ரம்பக் காயத்தின் தன்மை தெரியாதவர்தான் இதைச் சமன் என்று நினைப்பார். கத்தி வெட்டு ஒரு கோடு, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கலாம். ரம்பம் போடுவது கோடன்று, வாய்க்கால். மரத்தில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தூளாக்கி வெளியே எறிவதுபோலவே விரலிலும் எறிகிறது. எலும்பு, தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய் எல்லாவற்றிலும் அந்த மூன்று மில்லிமீட்டர் இல்லாமலே போய்விடும். நுனிகள் ஒன்றையொன்று எட்டுவதற்காக அறுவை மருத்துவர் எலும்பை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பொருத்த வேண்டி வரும். மடக்கும் நாணும் அதன் உறையும் ஒட்டிக்கொண்டால் விரல் இருக்கும், மடங்காது. துண்டான விரலை நேரே பனிக்கட்டியில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரே பட்டால் திசு செத்துவிடும்.

தானே நிற்கும் ரம்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது தோல் பட்டால்தான் நிற்கும், மரம் உதைத்தால் அதற்குத் தெரியாது. மார்பில் வந்து மோதும் கட்டையை அலுமினியத் துண்டு தடுக்காது. ஆகையால் இவ்வளவு பேசிய பிறகும், கையில் உள்ள பணத்துக்கு எதை முதலில் கேட்பீர்கள் என்றால், பிளவுத்தகடு என்றே சொல்வேன். பிறகு விரலுக்குப் பதிலாகக் கடைசி அரை அடியைத் தள்ளித் தர ஒரு தள்ளுகட்டை. தகட்டின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதற்குக் காசே வேண்டாம். மற்றது அதற்கப்புறம்.

தமிழ்நாட்டில் இந்த வரிசையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் தச்சர்கள் கொண்டுவரும் மேசை ரம்பம் பெரும்பாலும் கடையில் வாங்கியதாக இராது. ஒரு பிளைவுட் பலகையில் நீளமாக வாய் வெட்டி, கையில் பிடித்து அறுக்கும் கட்டிங் மெஷினை அதற்கு அடியில் தலைகீழாகத் திருகி, இரண்டு ஸ்டூலின் மேல் நிறுத்தினால் மேசை ரம்பம் தயார். கைமெஷினில் தகட்டை மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் காவல் ஒன்று உண்டு. தலைகீழாக மாட்டும்போது அது வழியை மறிக்கும், ஆகவே அதைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். சுவிட்ச் விரலை எடுத்தால் நிற்க வேண்டியது. அதையும் பூட்டிவிட்டு ஓட்டுவார்கள், அணைக்க வேண்டுமென்றால் சுவரில் உள்ள பிளக்கைத் தேட வேண்டும். இரண்டு காவலும் கழன்ற கதை, அமெரிக்கக் கொட்டகையின் அதே கதை. தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளில் வட்ட ரம்பத்துக்குப் பின்னால் பிளவுத்தகடு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் 1948இல் அந்தச் சட்டம் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் பலகை அறுக்கும் இடத்தை அது எட்டிப் பார்த்ததில்லை.

தொள்ளாயிரம் டாலர் ரம்பத்தை அங்கே யாரும் எதிர்பார்க்க முடியாது. தலைகீழ் மெஷினை மேசை ரம்பமாக்குவதே ஆபத்தான ஏற்பாடு, பின்வருவது அதைப் பாதுகாப்பானதாக்கிவிடாது. ஆனால் அந்த மேசையில் தகடு பெரும்பாலும் ஒரே உயரத்தில், சாயாமல், நிலையாக நிற்கிறது. ஆகவே பிளவுத்தகடு அங்கே ஏறி இறங்க வேண்டியதில்லை. தகடு போட்ட அறுவாயை அதே நேர்கோட்டில் பிளைவுட்டில் இன்னும் இரண்டு அங்குலம் பின்னுக்கு நீட்டி, அறுவாயை விட மயிரிழை மெலிதாக இழைத்த தேக்குச் சிம்பு ஒன்றை அதில் பசை போட்டு நிறுத்தி, அதன் தலையை ரம்பத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே சீவிவிட வேண்டும். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்தால் கால் மணி நேர வேலை. சிம்பு வேலை நடக்கும் இடத்துக் குப்பையிலேயே கிடக்கும். காடி எடுக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டியிராது.